டார்ச் அடித்தபோது தெரிந்தது: லென்ஸ் பூஞ்சை அனுபவங்கள்

மழைக்காகம்:
பழைய 85 எம்எம் லென்ஸ் ஒன்றை விற்கப் போட்டிருந்தேன். வாங்க வந்த பையனுக்கு இருபது வயது இருக்கும். கேமராவில் மாட்டிப் பார்ப்பான் என்று நினைத்தேன். அவனோ இரண்டு மூடிகளையும் கழற்றினான், ஒளி நுழையும் துளையை மாற்றும் அப்பர்ச்சர் வளையத்தைத் திருப்பி முழுதாகத் திறந்தான், மொபைல் டார்ச்சைப் பின்பக்கம் பிடித்து லென்ஸைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தான். ஒன்றும் பேசாமல் அதை என் பக்கம் திருப்பினான். உள் கண்ணாடியின் ஓரத்தில் வெள்ளை நூல் நூலாக, சிலந்தி வலையில் ஒரு மூலையைக் கிள்ளி ஒட்டியது போல. "அண்ணா, இது ஃபங்கஸ்" என்றான், எனக்கு ஆறுதல் சொல்கிற குரலில். மூடிகளை அவனே போட்டுக் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டான்.

பணம் போனதுகூடப் பரவாயில்லை. தெரிந்தே தலையில் கட்டப் பார்த்தேன் என்று நினைத்திருப்பானோ, அதுதான் உறுத்துகிறது. தூசு படக்கூடாதென்று தோல் உறையில் போட்டு, அலமாரியின் அடித்தட்டில் இரண்டு வருடம் தொடாமல் வைத்திருந்த லென்ஸ் அது. தினமும் தூக்கிச் சுமந்து அடிபட்ட 35 எம்எம்மில் ஒரு புள்ளி இல்லை.

ஐஎஸ்ஓ நூறு:
தோல் உறை ஈரத்தைக் குடித்து வைத்துக்கொள்ளும், தெரிந்ததுதானே. நான் அந்தத் தப்பைச் செய்யவில்லை. ரப்பர் வளையம் வைத்த காற்றுப்புகாத டப்பா, உள்ளே ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல். ஒருநாள் திறந்தபோது அதன் நீல மணிகள் எல்லாம் வெளிர் ரோஸ், ஈரம் குடித்து நிரம்பிவிட்டது என்று அர்த்தம். சரி, நாளைக்குச் சூடு காட்டலாம் என்று மூடிவிட்டேன். அந்த நாளை வர நாலு மாதம் ஆயிற்று. மறுபடி திறந்ததும் ஈரத்துணி வாடை முகத்தில் அடித்தது. ஸ்ட்ராப் முழுக்கப் பச்சைப் பொடி. மூன்று லென்ஸில் இரண்டு காலி. ஜெல்லை நம்பாதீர்கள், அவ்வளவுதான்.

பழைய ஷட்டர்:
ஜெல் மேல் எதற்குப் பழி? அது நிறம் மாறிச் சொன்னது, நீங்கள்தான் கேட்கவில்லை. நனைந்த ஸ்ட்ராப்போடு உள்ளே வைத்திருப்பீர்கள் என்று சந்தேகப்படுகிறேன். காற்றுப்புகாத டப்பா என்றால் உள்ளே இருக்கிற ஈரமும் வெளியே போகாது.

என் கதை சின்னது. தூறலில் படம் எடுத்துவிட்டு வந்து பையை ஜிப் போட்டு மூடித் தூங்கினேன். அப்புறம் பல வாரம் அந்தப் பையைத் தொடவே இல்லை. பூஞ்சை, கண் வைத்துப் பார்க்கிற வ்யூஃபைண்டருக்குள் வளர்ந்திருந்தது.

யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். டப்பாவோ, ஈரத்தைக் குறைத்து வைக்கிற ட்ரை கேபினட் அலமாரியோ, உள்ளே ஈரப்பதம் காட்டும் ஹைக்ரோமீட்டர் ஒன்று வையுங்கள். 40 முதல் 50 சதவீதம் போதும். 60-ஐத் தாண்டி நாள்கணக்கில் நின்றால் பூஞ்சைக்குக் கொண்டாட்டம். ரொம்பக் காயவைப்பதும் நல்லதல்ல, 30-க்குக் கீழே போக வேண்டாம். மீட்டரையும் கண்ணை மூடி நம்பாதீர்கள். பாட்டில் மூடியில் உப்புப் போட்டு, ஈர மணல் பதத்துக்குச் சில சொட்டுத் தண்ணீர் விட்டு, மீட்டரோடு ஜிப் கவரில் போட்டு ஒரு ராத்திரி மூடி வையுங்கள். 75 காட்ட வேண்டும். 68 காட்டினால் அது எப்போதும் 7 குறைத்துச் சொல்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். நீல மணியில் இருப்பது கோபால்ட் குளோரைடு என்ற நச்சுப்பொருள், அதைச் சமைக்கிற அடுப்பில் சூடாக்காதீர்கள். ஆரஞ்சு மணி வாங்குங்கள், 120 டிகிரியில் இரண்டு மணி நேரம் வைத்தால் மறுபடி உயிர் வரும். பாச்சா உருண்டை கூடவே கூடாது, அதன் ஆவி கண்ணாடியில் படியும்.

அலைவரிசை:
எனக்கு நடந்தது வேறு. ராத்திரி முழுக்க ஏசி அறையில் கிடந்த கேமராவை விடியும் முன் கடற்கரைக்குக் கொண்டுபோனேன். பையிலிருந்து எடுத்த நொடியில் லென்ஸ் பால் ஊற்றியது போல வெளுத்துவிட்டது. சட்டை நுனியால் துடைக்கத் துடைக்க மறுபடி மூடுகிறது. வ்யூஃபைண்டரில் ஆரஞ்சாக ஒரு கறை மட்டும், அதுதான் சூரியன். கண்ணாடி தெளிவதற்குள் அது மேலே ஏறிவிட்டது. ஏசிக்குள்ளேயே ஜிப் கவரில் போட்டு மூடி, வெளியே வந்து சூடேறிய பிறகு திறக்க வேண்டுமாம். அன்று சாயங்காலம்தான் ஒருவர் சொன்னார்.

பூஞ்சை வந்த லென்ஸை வெயிலில் வைத்தால் சரியாகிவிடும் என்கிறார்களே, உண்மையா?

பழைய ஷட்டர்:
வேண்டாம். வெயிலில் பூஞ்சையைக் கொல்லக்கூடிய புற ஊதாக் கதிரில் பெரும்பகுதியைக் கண்ணாடியே நிறுத்திவிடும். பூஞ்சை செத்தாலும் வலை அங்கேயேதான் இருக்கும். பூஞ்சை விடும் அமிலம் கண்ணாடி மேல் பூசிய கோட்டிங்கை அரித்திருந்தால், பிரித்துத் துடைத்தாலும் தடம் போகாது. போதாததற்கு, மூடியில்லாத லென்ஸ் வெயிலில் பூதக்கண்ணாடி வேலை பார்க்கும், பக்கத்தில் துணி இருந்தால் பொசுங்கும். மழைக்காகம், ஓரத்தில் மட்டும் என்றால் படத்தில் தெரியவே தெரியாது. பேசாமல் பயன்படுத்துங்கள்.

மழைக்காகம்:
நேற்று மாட்டிப் பார்த்தேன். சாதாரண வெளிச்சத்தில் நீங்கள் சொன்னதுதான், ஒன்றும் தெரியவில்லை. ஜன்னலுக்கு எதிராகத் திருப்பினால் கறுப்பெல்லாம் சாம்பலாகிறது. பையனின் எண் இன்னும் மொபைலில் இருக்கிறது. "எனக்கு நிஜமாகவே தெரியாது தம்பி" என்று தட்டச்சு செய்து, இரண்டு முறை அழித்துவிட்டேன்.