கிரவுண்ட் பிளேன்: 'தரைத்தளம்' சரிப்படுமா?

வணக்கம்.

படைவண்டியில் ஹாம் (அமெச்சூர் வானொலி) ஆன்டெனா பொருத்தும் குறிப்புகளின் தமிழாக்கத்தில் 'கிரவுண்ட் பிளேன்' (ஆன்டெனாவுக்குத் துணைநிற்கும் உலோகப் பரப்பு) வரும் இடமெல்லாம் 'தரைத்தளம்' என்று இருக்கிறது. மாடிவீட்டின் கீழ்த்தளம் நினைவுக்கு வருவதைப் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் இந்தச் சொல் வேலையையே கெடுக்கிறது. 'தரை' என்று படித்தவர் மண்ணுக்குச் சங்கிலி தொங்கவிடுவார். இல்லையென்றால் பேட்டரியின் எதிர்முனைக்கு ஒரு நீளக் கம்பி இழுத்துவிட்டு எழுந்துவிடுவார். ஒரு மீட்டர் கம்பிக்கு ஏறத்தாழ 1 மைக்ரோஹென்றி தூண்டம் (இண்டக்டன்ஸ்) உண்டு. 7.1 மெகாஹெர்ட்ஸில் அது 45 ஓம். மல்டிமீட்டர் சுழியம் காட்டும், வானொலி அலைக்கோ அது தடுப்புச்சுவர்.

ரப்பர் டயர்மேல் நிற்கும் வண்டிக்குத் தரை ஏது? ஆன்டெனாவின் மின்னோட்டத்துக்கு ஈடுகொடுப்பது வண்டியின் உலோக உடல். எனவே 'ஈடுதளம்' என்று முன்மொழிகிறேன்.

---

> ஈடுதளம்

ஈடு என்றால் அடகு என்றுதான் பலர் படிப்பார்கள். கவுண்டர்பாய்ஸுக்கு (தரைக்குப் பதிலாக ஆன்டெனாவுக்கு ஈடாக வைக்கும் கம்பிகள்) சொல்லப்படும் 'எதிரெடை'யையே இதற்கும் எடுத்துக்கொண்டால் என்ன?

---

எதிரெடை தராசுக்கும் கிரேனுக்கும் பொருந்தும். கனமான வண்டி நல்ல ஆன்டெனாத் தளம் என்ற மயக்கம் ஏற்கெனவே உண்டு, அதை நாம் வளர்க்க வேண்டாம். இங்கே எடைக்கு வேலையில்லை, பரப்பும் தொடர்ச்சியும்தான் கணக்கு. அமெரிக்கப் படைவண்டி ஹம்வீயையே பாருங்கள்: உடல் அலுமினியத் தகடு, முன்மூடியோ கண்ணாடியிழை. அந்த மூடி எவ்வளவு அகலமாக இருந்தாலும் ஈடுதளத்தில் சேராது. 'ஈடுகொடுத்தல்' எல்லோரும் புழங்கும் வினை; அடகுக் குழப்பம் சொற்றொடரில் வராது.

கூடவே 'பாண்டிங்' (உலோகப் பாகங்களை மின்தொடர்போடு இணைத்தல்) என்பதற்கும் ஒரு சொல் வேண்டும். 'பிணைப்பு' வேதியியலார் கையில் இருப்பதால் 'உடற்பிணைப்பு' என்கிறேன். விளக்கக் குறிப்பில் இவை வர வேண்டும்:

ஆன்டெனா அடிப்பகுதி உட்காரும் இடத்தில் பெயின்டைப் பளபளவென்று உலோகம் தெரியும்வரை சுரண்ட வேண்டும், தகட்டின் அடிப்பக்கத்திலும்தான். படைவண்டிப் பூச்சின் தூசி நச்சு. முகமூடி இல்லாமல் தேய்க்கக் கூடாது. பல்வாஷர் போட்டு இறுக்கி, மேலே பெயின்ட் பூசி ஈரத்தை அடைக்க வேண்டும். கேபின், பின்கதவு, புகைக்குழாய் எல்லாம் ரப்பர் தாங்கிகளில் மிதப்பவை. அவற்றைச் சட்டத்தோடு 25 மில்லிமீட்டர் அகலப் பின்னல் பட்டையால் முடிந்த அளவு குட்டையாக இணைக்க வேண்டும். அலுமினியத்தில் வெறும் செம்புப் பட்டை வைத்தால் அரிக்கும். ஈயம் பூசியது என்று எழுதாதீர்கள், வெள்ளீயம் பூசியது.

---

ஈடுதளத்தை ஏற்கிறேன். 'டியூனிங்', 'மேட்சிங்' இரண்டையும் 'இசைவிப்பு' என்று ஒன்றாக்கியிருப்பதையும் பிரித்துவிடுவோம். நீளத்தையோ சுருளையோ மாற்றி ஒத்ததிர்வுக்குக் கொண்டுவருவது 'சுருதி சேர்த்தல்'. மின்மறுப்பை (இம்பீடன்ஸ்) வானொலி எதிர்பார்க்கும் 50 ஓமுக்குக் கொண்டுவருவது 'பொருத்தம்'. கேபினுக்குள் இருக்கும் டியூனர் பொருத்தம் மட்டுமே பார்க்கிறது, கூரையில் நிற்கும் கம்பிக்குச் சுருதி சேர்ப்பதில்லை.

உதாரணத்துக்கு 3 மீட்டர் கம்பியையும் 7.1 மெகாஹெர்ட்ஸையும் எடுத்துக்கொள்ளலாம். கால் அலை ஏறத்தாழ 10 மீட்டர் என்பதால் கம்பி மிகவும் குட்டை. அடியில் சுமார் 18 மைக்ரோஹென்றி சுருள் தேவை. கதிர்வீச்சுத் தடை 2 ஓம்தான். சுருளிலும் ஈடுதளத்திலும் 13 ஓம் இழப்பு என்றால் மொத்தம் 15, எஸ்.டபிள்யூ.ஆர் (நிலையலை விகிதம், 1.0 என்றால் முழுப் பொருத்தம்) 3.3 காட்டும். பொருத்தமே செய்யாமல் 1.0 காட்டினால் மகிழ வேண்டாம்: 48 ஓம் வெப்பமாகப் போகிறது, உடற்பிணைப்பைத் தேடுங்கள். 15 ஓம் இருக்கையில் கம்பியைச் சற்றே குட்டையாக்கி, அடியில் கம்பிக்கும் உடலுக்கும் இடையே சுமார் 0.7 மைக்ரோஹென்றி சுருள் போட்டால் 50 ஓம் வந்துவிடும்.

இன்னொன்று. ஏஎஸ்-1729 போன்ற படை ஆன்டெனாக்களின் அடியில் உள்ள பொருத்தப் பெட்டி 30 மெகாஹெர்ட்ஸுக்கு மேலே வேலைசெய்ய வடிவமைத்தது. அதை வைத்துக்கொண்டு 7-இல் சுருதி சேர்க்க முடியாது, கழற்றிவிட வேண்டும்.

---

> சுருதி சேர்த்தல்

அருமை. அளக்கும்போது கம்பி நிமிர்ந்து நிற்க வேண்டும், கதவுகள் மூடியிருக்க வேண்டும் என்பதையும் சேருங்கள். பயணத்தில் செய்வதுபோல் நுனியை வளைத்துக் கட்டினால் சுருதி மாறிவிடும். ஆன்டெனாவுக்குப் போகும் கோஆக்ஸ் கேபிளைக் கையால் பிடித்ததும் அளவி முள் நகர்ந்தால் கேபிளின் வெளியுறையே ஈடுதளமாகிக்கொண்டிருக்கிறது. ஆன்டெனா அடியில் ஃபெரைட் வளையத்தில் கேபிளைச் சில சுற்றுச் சுற்றலாம், ஆனால் முதலில் பல்வாஷரைப் பாருங்கள்.

அகராதிப் பதிவுக்கு எடுத்துக்காட்டு வாக்கியம்: "பின்கதவின் உடற்பிணைப்பு அறுந்ததால் ஈடுதளம் சுருங்கிச் சுருதி விலகியது."