பல நாட்டுச் சங்க வகுப்பு: நேரலையா, ஆடியோவா?

பீன்யா லேத்:
பெங்களூரு, கொழும்பு, டாக்கா, ஜெனீவா தோழர்களைச் சேர்த்து இணையத்தில் ஆறு வார வகுப்பு போடும் பேச்சு நடக்கிறது. பாடம், சங்கம் அமைக்கும் உரிமை. பாடத்தைப் பதிவுசெய்து ஆடியோ அனுப்பினாலே போதும் என்கிறார்கள். எனக்கு அதில் சம்மதமில்லை. நேரலைதான் வேணும்.

பொம்மனஹள்ளி தையல்:
முதல்ல கடிகாரத்தைப் பாருங்க தோழர். ஜெனீவா மதியம் 2 மணி என்று குறித்தால் குளிர்காலத்தில் நமக்கு மாலை 6.30. மார்ச் கடைசி ஞாயிறு அங்கே கடிகாரத்தை முன்னே தள்ளியதும் 5.30 ஆகிவிடும். கார்மென்ட்ஸ் பெண்கள் அப்போதுதான் ஆலை கேட்டைத் தாண்டி வெளியே வருவார்கள். ஆடியோ என்றால் 32 கேபிபிஎஸ்ஸில் ஒரு மணி நேரம் சுமார் 14 எம்பி. சமையல் முடித்து ராத்திரி கேட்கலாம்.

பீன்யா லேத்:
இந்திய நேரம் மாலை 7 என்று பூட்டிவிடுங்க. கொழும்புக்கும் 7, டாக்காவுக்கு 7.30. ஜெனீவாக்காரர் மாற்றிக்கொள்ளட்டும், அவருக்குப் பகல்தானே! ஆடியோவிடம் கேள்வி கேட்க முடியுமா? சங்கம் அமைக்கும் உரிமைக்கு 87, கூட்டுப் பேரத்துக்கு 98 என்று ஐ.எல்.ஓ.வுக்கு (சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு) இரண்டு உடன்படிக்கைகள். இரண்டையும் வங்கதேசம் 1972இலேயே ஏற்றது. இலங்கை 98ஐ 1972இல், 87ஐ 1995இல். இந்தியா இரண்டையும் ஏற்கவில்லை. "அப்போ நமக்கு இது எதுக்கு?" என்று இங்கே ஒருவர் கேட்டே தீருவார். ஏற்காத நாட்டின் மீதும் ஐ.எல்.ஓ.வின் சங்கச் சுதந்திரக் குழுவிடம் புகார் போகலாம், 1951 முதல் அந்த வழி இருக்கிறது. ஆனால் தனி ஆள் கொடுத்தால் எடுக்க மாட்டார்கள், சங்கம்தான் கொடுக்கணும். இதை அந்தக் கேள்வி வந்த நிமிடத்தில் சொன்னால்தான் ஏறும்.

பொம்மனஹள்ளி தையல்:
எந்த மொழியில் சொல்வீங்க? நிறுத்தி நிறுத்தித் தமிழில் பெயர்த்தாலே 90 நிமிடத்தில் பாடம் 45தான். வங்காளம், சிங்களம் வேறு. ஜூம் இலவசக் கணக்கில் மொழிபெயர்ப்பைத் தனியே கேட்கும் சேனல் கிடையாது, 40 நிமிடத்தில் அறுந்தும் போகும்.

மூன்றாம் ஷிஃப்ட்:
சேனல் இல்லாமலே முடியும். மொழிபெயர்ப்பவர் ஹெட்போனில் வகுப்பைக் கேட்டபடி இன்னொரு போனில், வாட்ஸ்அப் குழு அழைப்பில், தமிழில் சொல்லிக்கொண்டே போகணும். அழைப்பில் 32 பேர்தான், அதனால் சங்க ஆபீசில் பத்துப் பேர் ஒரே ஸ்பீக்கரில் கேளுங்க. அறைக்கு ஒரு மைக் மட்டும். இரண்டு திறந்தால் எக்கோ அடிக்கும். அரை மணிக்கு ஒருமுறை ஆளை மாற்றணும். களைத்தவர் முதலில் விடுவது எண்களையும் "இல்லை"களையும்தான்.

பொம்மனஹள்ளி தையல்:
அப்போ மொழிக்கு இரண்டு ஆள். சந்தாப் பணம் தாங்குமா? பாடத்தை ஞாயிறே ஆடியோவாக அனுப்புங்க. வியாழனுக்குள் கேள்விகளை வாய்ஸ் நோட்டாக வாங்குங்க. நேரலை 40 நிமிடம், பதிலுக்கு மட்டும்.

பீன்யா லேத்:
வாய்ஸ் நோட்டில் துணைக்கேள்வி வராதே. 40 போதாது, 60 வைங்க. அதற்கான கட்டண ஜூம் கணக்கை ஜெனீவாவே எடுக்கட்டும்.