உதவி: காத்திருக்கும் டெஸ்ட் பில்டு சர்வரில் மட்டும் தோற்கிறது

தேனிக்காரன் (பெங்களூரு):
நண்பர்களே, அவசரம். ஆர்டர் போட்டால் சற்று நேரத்தில் நிலை ‘முடிந்தது’ என்று மாற வேண்டும். இதைச் சோதிக்கும் டெஸ்ட், டேட்டாபேஸில் அந்த நிலையை அரை விநாடிக்கு ஒரு முறை பார்த்தபடி காத்திருக்கிறது. என் மடிக்கணினியில் தேறுகிறது, பில்டு சர்வரில் (குழுவின் நிரலைத் தொகுத்து டெஸ்ட்களை ஓட்டும் கணினி) அடிக்கடி தோற்கிறது. காலக்கெடுவை 60 விநாடியாக்கியும் பயனில்லை. இரவு மடிவாளாவில் ஊருக்குப் பஸ் ஏற வேண்டும்.

கீபோர்டு:
என்ன மொழி? என்ன டேட்டாபேஸ்? லாக் எங்கே?

தேனிக்காரன்:
ஜாவா, ஸ்பிரிங் பூட். நடுவில் செய்திகளைக் கடத்தும் காஃப்கா; ஆர்டர் செய்தியை அதிலிருந்து படித்து நிலையை மாற்றுவது கன்சூமர்.

காவேரிக்கரை:
காஃப்காதான் காரணம். புதிய கன்சூமர் குழு இயல்பாக ‘லேட்டஸ்ட்’ இடத்திலிருந்துதான், அதாவது இனி வரும் செய்திகளை மட்டும்தான் படிக்கும். பார்ட்டிஷன் (செய்தி வரிசையில் அதற்கான பங்கு) கைக்கு வருமுன் செய்தி போய்விட்டால் போனதுதான். ‘இயர்லியஸ்ட்’ (தொடக்கத்திலிருந்து) ஆக்குங்கள்.

தேனிக்காரன்:
கன்சூமர் செய்தியைப் படித்து முடித்ததாக லாக்கில் இருக்கிறதே!

மூத்தவர்:
தம்பி, ஸ்லீப் போட்ட லூப்பை இன்னுமா கையால் எழுதுகிறீர்கள்? இதற்கென்றே இருக்கும் அவெயிட்டிலிட்டி நூலகம் இயல்பாக 100 மில்லி விநாடிக்கு ஒரு முறை பார்க்கும், 10 விநாடியில் கைவிடும். அடிப்படையைப் படித்துவிட்டு வாருங்கள்.

பாலாறு:
தோற்றால் மூன்று முறை மறுபடி ஓடவிடுங்கள். எங்கள் குழுவில் அப்படித்தான்.

கீபோர்டு:
அது தீர்வே அல்ல. உண்மையான பிழையும் மூன்றாவது ஓட்டத்தில் தப்பித்துவிடும்.

பாலாறு:
வெளியீட்டு நாளில் இந்த நியாயம் எடுபடாது.

கீபோர்டு:
வெளியீட்டு நாளில்தான் எடுபட வேண்டும்.

ஓசூர்ப் பயணி:
சண்டை இருக்கட்டும். டேட்டாபேஸ் மைஎஸ்க்யூஎல்லா? டெஸ்ட்டின் மேல், முழு ஓட்டத்தையும் ஒரே டிரான்சாக்‌ஷனாக்கி இறுதியில் ரோல்பேக் செய்யும் (மாற்றங்களை நீக்கும்) @டிரான்சாக்‌ஷனல் என்ற குறி இருக்கிறதா? மைஎஸ்க்யூஎல்லின் சேமிப்பு இயந்திரமான இன்னோடிபி இயல்பில் ‘ரிப்பீட்டபிள் ரீட்’ (மறுபடி படித்தாலும் அதே பதில்). டிரான்சாக்‌ஷனில் முதல் செலக்ட் ஓடிய கணத்தின் நிலைதான் அது முடியும்வரை தெரியும். உங்கள் கணினி வேகமானது. டெஸ்ட்டின் முதல் பார்வைக்கு முன்பே கன்சூமர் மாற்றத்தைக் கமிட் செய்து (நிலைப்படுத்தி) விடுகிறது. சர்வரில் பார்வை முந்துகிறது. அதன்பின் ஒரு மணி நேரம் கேட்டாலும் பழைய பதில்தான். மூத்தவர் சொன்ன நூலகம் தனி த்ரெட்டில், அதாவது இந்த டிரான்சாக்‌ஷனுக்கு வெளியே பார்ப்பதால் டெஸ்ட் தேறிவிடும், காரணம் மட்டும் புரியாது.

தேனிக்காரன்:
மைஎஸ்க்யூஎல்தான், அந்தக் குறியும் இருந்தது. எடுத்துவிட்டேன், சர்வரில் தொடர்ந்து தேறுகிறது. மிக்க நன்றி. கிளம்புகிறேன்.

கீபோர்டு:
ரோல்பேக் இல்லாமல் தரவை யார் துடைப்பது?

ஓசூர்ப் பயணி:
கன்சூமர் தன் த்ரெட்டில் கமிட் செய்ததை அந்த ரோல்பேக் எப்போதுமே தொட்டதில்லை. ஒவ்வொரு டெஸ்ட்டுக்கும் புது ஆர்டர் எண் கொடுங்கள்.

காவேரிக்கரை:
இருந்தாலும் ‘இயர்லியஸ்ட்’ ஆக்கிவிடுங்கள்.