விண்டோஸ் 10இலேயே இருக்கிறதா, 11க்கு மாத்துறதா? மூணு மெஷின், மூணும் மூணு விதம்

களுவன்_கொமினிகேஷன் (களுவாஞ்சிக்குடி)

சின்ன கொமினிகேஷன் கடை. போட்டோக்கொப்பி, பிரிண்ட், தமிழ் டைப்பிங், ஒன்லைன் விண்ணப்பம் நிரப்புற வேலை. கடையில ரெண்டு, வீட்டில ஒண்டு, மூணும் விண்டோஸ் 10. 2025 ஒக்டோபர் 14ஓட இலவச அப்டேட் முடிஞ்சுது எண்டு தெரியும். இனி என்ன செய்யிறது எண்டதுதான் கேள்வி.

1. பில் மெஷின்: ஐ3-6100, 4 ஜி.பி. ரேம், 500 ஜி.பி. ஹார்ட் டிஸ்க், 32-பிட் விண்டோஸ். டொஸ் காலத்து ஃபொக்ஸ்புரோ பில்லிங் இதிலதான் ஓடுது. கெனன் எல்.பி.பி. 2900 பிரிண்டரும் இதிலதான்.

2. டைப்பிங் மெஷின்: ஐ5-8400, எச்310 போர்ட், 8 ஜி.பி., 240 ஜி.பி. எஸ்.எஸ்.டி., 64-பிட். பாமினி (பழைய தமிழ் ஃபொன்ட்) ஃபைல் எல்லாம் இதில. 11 ஏறுமா எண்டு பாக்கிற பி.சி. ஹெல்த் செக் ஓட்டினா ரி.பி.எம். 2.0 (பாதுகாப்புச் சிப்) இல்ல, செக்யூர் பூட் (நம்பகமான சிஸ்டத்தை மட்டும் எழும்ப விடுற பாதுகாப்பு) இல்ல எண்டு காட்டுது.

3. வீட்டு லெப்டொப்: ஐ5-7200யூ, 8 ஜி.பி., எஸ்.எஸ்.டி. மகள் ஏ.எல். படிக்கிறா, சூம் வகுப்புக்கு.

ரெஜிஸ்ட்ரியில ஒரு வரி போட்டா எந்த மெஷினிலயும் 11 ஏறும் எண்டு சொல்லுறாங்க, உண்மையா? இன்டர்நெட் 4ஜி ரவுட்டர், டேட்டா அளவாத்தான் இரிக்கு.

வாவிக்கரை (மட்டக்களப்பு)

அண்ணே, ரெண்டாவதை மாத்துங்க. மூணாவதுக்கு 2026 ஒக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட்டுக்குத் தவணை எடுக்கலாம். முதலாவதை மாத்தவே ஏலா, மாத்தவும் தேவையில்ல.

ரெண்டாவதில இருந்து தொடங்குறன், வேலை கூட அதில்தான். இன்டெல்லில எட்டாம் தலைமுறையும் அதுக்கு மேலயும் மைக்ரோசொஃப்ட் பட்டியல்ல இரிக்கு. உங்கட 8400 அதுக்குள்ள வருது. ரி.பி.எம். இல்ல எண்டு காட்டுறது சிப் இல்லாததால இல்ல, பயோசில (விண்டோஸ் எழும்ப முதல் வர்ற போர்டின்ட செட்டிங்ஸ்) மூடிக் கிடக்கிறதால. அந்தக் காலத்து எச்310 போர்ட் பலது அதை மூடித்தான் வந்தது. பயோசுக்குள்ள போய் இன்டெல் பி.ரி.ரி. எண்ட பேரில தேடுங்க. சில போர்டில "டிரஸ்டட் கம்பியூட்டிங்" எண்ட தலைப்புக்குள்ள இரிக்கும். எனேபிள் பண்ணி, சேவ் பண்ணி, விண்டோசுக்குள்ள வந்து ரன் பெட்டியில ரி.பி.எம். புள்ளி எம்.எஸ்.சி. அடிங்க. "ஸ்பெசிஃபிகேஷன் வேர்ஷன் 2.0" எண்டு வந்தா அந்தப் பாதி முடிஞ்சுது.

மற்றப் பாதி செக்யூர் பூட். "சிஸ்டம் இன்ஃபர்மேஷன்" திறந்து "பயோஸ் மோட்" வரியைப் பாருங்க. லெகசி எண்டு இருந்தா உங்கட டிஸ்க் எம்.பி.ஆர். எண்ட பழைய முறையில பிரிச்சது, செக்யூர் பூட்டுக்கு ஜி.பி.ரி. எண்ட புது முறை வேணும். அப்பிடியே பயோசில யூ.ஈ.எஃப்.ஐ. எண்ட புது பூட் முறைக்கு மாத்தினா "பூட் டிவைஸ் இல்ல" எண்டு கறுப்புத் திரையில நிக்கும். கனபேர் இதில பயந்து ஃபோர்மட் அடிக்கிறாங்க. பயோசைப் பழையபடி திருப்பி விட்டா விண்டோஸ் எழும்பும், ஒண்டும் அழியல்ல.

சரியான ஒழுங்கு இது. முதல்ல முக்கியமான ஃபைல் எல்லாம் வெளி ஹார்ட் டிஸ்க்குக்கு. பிறகு கொமாண்ட் புரொம்ப்டை அட்மினிஸ்ட்ரேட்டராத் திறந்து, விண்டோசோடயே வர்ற எம்.பி.ஆர்.2ஜி.பி.ரி. கட்டளையை "வலிடேட்", "அலோ ஃபுல் ஓ.எஸ்." எண்ட ரெண்டு சுவிட்சோட ஓட்டுங்க. இது சோதனை மட்டும்தான், டிஸ்க்கில கை வைக்காது. "சக்ஸஸ்ஃபுல்" எண்டு வந்தா மட்டும் "வலிடேட்" இருந்த இடத்தில "கொன்வேர்ட்" போட்டு ஓட்டுங்க. அதுக்குப் பிறகுதான் பயோசில சி.எஸ்.எம். (பழைய பூட் முறைக்கு இடம் குடுக்கிற செட்டிங்) மூடி, யூ.ஈ.எஃப்.ஐ. ஆக்கி, செக்யூர் பூட்டைத் திறக்கிறது. விண்டோசும் ஃபைலும் அப்பிடியே இரிக்கும்.

பிட்லொக்கர் (டிஸ்க்கைப் பூட்டி வைக்கிற வசதி) போட்டிருந்தா இந்த வேலைக்கு முதல் சஸ்பெண்ட் பண்ணிப்போட்டுத் தொடங்குங்க. இல்லாட்டி அடுத்த தரம் போடும்போது 48 இலக்க ரிக்கவரி கீயைக் கேட்டுக்கொண்டு நிக்கும்.

11 போடுறதுக்கு விண்டோஸ் அப்டேட்டை நம்பி டேட்டாவைக் கரைக்காதீங்க. மைக்ரோசொஃப்ட் தளத்தில ஐ.எஸ்.ஓ. ஃபைலை (11 முழுசும் அடங்கின ஒரே ஃபைல்) ஒரு தரம் இறக்குங்க. அது 5 ஜி.பி.க்கு மேல, பெக்கேஜில இரவு டேட்டா தனியா இருந்தா அதுக்குள்ள இறக்கலாம். ஃபைலை டபிள் கிளிக் பண்ணினா ஒரு டிரைவ் மாதிரித் திறக்கும், உள்ளுக்கு இருக்கிற செட்டப்பை ஓட்டுங்க. முதல் திரையிலயே "அப்டேட் இறக்குற முறையை மாத்து" எண்டு ஒரு சின்ன லிங்க் இரிக்கும். அதில "இப்ப வேணாம்" எண்டு குடுத்தா செட்டப் நடுவில டேட்டா இழுக்காது. ஃபைல், புரோகிராம் எல்லாம் வச்சிருக்கிற தெரிவை எடுங்க. சி டிரைவில 30 ஜி.பி.யாவது காலியா இருக்கட்டும். பிடிக்காட்டி 10 நாளுக்குள்ள செட்டிங்ஸ், ரிக்கவரி வழியா 10க்குத் திரும்பலாம். அந்த நாள் முடியும்வரை டிஸ்க் கிளீனப் ஓட்டி "விண்டோஸ் ஓல்ட்" ஃபோல்டரை அழிச்சுப்போடாதீங்க.

கல்முனை_ஹார்ட்வெயார்

வாவிக்கரை சொன்னதோட பிரிண்டர், ஃபொன்ட் ரெண்டையும் சேர்க்கிறேன். கொமினிகேஷன் கடையில ஆள் மாட்டுறது அங்கதான்.

பாமினி: மேலேற்றம் மட்டும் செஞ்சா ஃபொன்ட் அப்படியே இரிக்கும். ஃபோர்மட் அடிச்சுப் புதுசாப் போட்டா போயிரும், பழைய ஃபைல் எல்லாம் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமா திறக்கும். அதால எதுக்கும் முதல்ல ஃபொன்ட் ஃபோல்டரைக் கொப்பி எடுங்க. ஒரு ஃபோல்டர் இல்ல, ரெண்டு. விண்டோசுக்குள்ள இருக்கிற ஃபொன்ட்ஸ் ஒண்டு. விண்டோஸ் 10இல சும்மா "இன்ஸ்டோல்" அமத்தினா ஃபொன்ட் யூசருக்கு மட்டும் விழும், அது ஆப்டேட்டா, லோக்கல், மைக்ரோசொஃப்ட், விண்டோஸ், ஃபொன்ட்ஸ் எண்ட பாதையில ஒளிஞ்சு கிடக்கும். அதையும் எடுங்க. திரும்பப் போடும்போது வலது கிளிக்கில "எல்லா யூசருக்கும்" எண்டதைத் தெரிவு செய்யுங்க.

எல்.பி.பி. 2900: டைப்பிங் மெஷினுக்கு மாத்துறதா இருந்தா 64-பிட் டிரைவர் வேணும், இப்ப உள்ள 32-பிட் டிரைவர் ஏறாது. யூ.எஸ்.பி. வயரைக் கழட்டி வச்சிட்டு டிரைவரை ஓட்டுங்க, அது கேக்கிற நேரம் மட்டும் கொழுவுங்க. பிறகு அதே யூ.எஸ்.பி. ஓட்டையிலேயே விடுங்க. மாத்திக் குத்தினா பழைய போர்ட்டில பிரிண்டர் "ஒஃப்லைன்" எண்டு நிக்கும், கடையில ஆக்கள் வரிசையில நிப்பாங்க.

இன்னொண்டு, கரண்ட். வடகீழ்ப் பருவ மழை நாளிலயும் மின்சார சபை கட் அறிவிச்ச நாளிலயும் இந்த வேலைக்கு இறங்காதீங்க. 11 ஏறும்போது கரண்ட் போனா அனேகமா தானாப் பழையதுக்குத் திரும்பிரும். டிஸ்க்கை ஜி.பி.ரி. ஆக்குற நேரமோ பயோஸ் அப்டேட் பண்ற நேரமோ போனா திரும்பாது. பயோஸ் அப்டேட்டில போர்டே செத்திரலாம். யூ.பி.எஸ். இல்லாம அது ரெண்டும் வேணாம். எஸ்.எஸ்.டி.யில மேலேற்றம் ஒரு மணித்தியாலத்துக்குள்ள முடிஞ்சிரும். ஓ.எல்., ஏ.எல். விண்ணப்பக் காலத்துக்கு முந்தின கிழமையும் வேணாம், அது உங்களுக்கே தெரியும்.

களுவன்_கொமினிகேஷன்

நன்றி தம்பி, நன்றி நானா. பி.ரி.ரி. திறந்தாச்சு, 2.0 காட்டுது. வலிடேட் ஓட்டினா "டிஸ்க் லேஅவுட் வலிடேஷன் ஃபெயில்ட்" எண்டு வருது. எஸ்.எஸ்.டி.யை சி, டி, ஈ எண்டு மூண்டாப் பிரிச்சிரிக்கு. ஒரு பழைய ஜி.டி. 210 கிராஃபிக் கார்டும் போட்டிரிக்கு, அது பிரச்சினையா?

வாவிக்கரை (மட்டக்களப்பு)

எதிர்பார்த்ததுதான். இங்க எந்தக் கடையில போட்டாலும் சி, டி, ஈ எண்டு பிரிச்சுத்தான் குடுப்பாங்க. அந்தக் கட்டளைக்கு ரெண்டு நிபந்தனை: பிரைமரி பார்ட்டிஷன் மூணுக்கு மேல இருக்கக் கூடாது, எக்ஸ்டெண்டட் பார்ட்டிஷனுக்குள்ள லொஜிக்கல் டிரைவ் இருக்கவே கூடாது. கண்ணுக்குத் தெரியாம "சிஸ்டம் ரிசேர்வ்ட்" ஒண்டும், பல மெஷினில ரிக்கவரி ஒண்டும் இரிக்கு. அதையும் சேர்த்து எண்ணுங்க.

டிஸ்க் மேனேஜ்மென்ட் திறந்து பாருங்க. டி, ஈ ரெண்டும் பச்சைக் கோட்டுக்குள்ள இருந்தா அது எக்ஸ்டெண்டட். ரெண்டிலயும் உள்ளதை வெளி டிஸ்க்குக்கு எடுத்து, நாலஞ்சு ஃபைலைத் திறந்து பார்த்து, சரி எண்டா பிறகு டி, ஈயை டிலீட் பண்ணுங்க. மிச்சமா நிக்கிற பச்சைப் பெட்டியையும் டிலீட் பண்ணுங்க. அதை விட்டா திரும்பவும் ஃபெயில் எண்டுதான் வரும். பிறகு வலிடேட். மாத்தி முடிஞ்ச பிறகு காலி இடத்தில டி ஒண்டைத் திரும்ப உண்டாக்கலாம், ஜி.பி.ரி.யில அந்தத் தொல்லை இல்ல. 240 ஜி.பி.க்கு ஈ தேவையே இல்ல எண்டுதான் நான் சொல்லுவன்.

ஜி.டி. 210ஐக் கழட்டுங்க. அந்தக் காலத்துக் கார்டுகள்ல யூ.ஈ.எஃப்.ஐ.க்கு வேண்டிய பயோஸ் இல்ல, சி.எஸ்.எம்.மை மூடினதும் திரை வராமலே போகலாம். 8400இன்ட உள்ளுக்கு இருக்கிற யூ.எச்.டி. 630 அதை விட நல்லது. மொனிட்டர் வயரை போர்டில குத்துங்க.

சம்மாந்துறை_வயல்

லெப்டொப்புக்கு ரூஃபஸ் (விண்டோஸ் போடுற பென் டிரைவ் செய்யிற புரோகிராம்) போதும். ரூஃபசில பென் டிரைவ் செய்யும்போது ரி.பி.எம்., செக்யூர் பூட் சோதனையை நீக்கிற டிக் ஒண்டு இரிக்கி. ஏழாம் தலைமுறையில 11 நல்லாவே ஓடும்.

வாவிக்கரை (மட்டக்களப்பு)

ஓடும், அதில சண்டை இல்ல. ரெஜிஸ்ட்ரி வரியும் பல 64-பிட் மெஷினில வேலை செய்யும். ஆனா மாதாந்தப் பாதுகாப்பு அப்டேட் வந்தாலும் அதுக்கு மைக்ரோசொஃப்ட் பொறுப்பு எடுக்கல்ல. வருஷா வருஷம் வர்ற பெரிய பதிப்பு தானா வராது, ஒவ்வொரு தரமும் ஐ.எஸ்.ஓ. இறக்கிக் கையால ஏத்தணும். ஏ.எல். சோதனைக்கு நிக்கிற பிள்ளையின்ட லெப்டொப்பில அந்த விளையாட்டு இப்ப எதுக்கு?

முதல்ல லெப்டொப்பில விண்டோஸ் 10இன்ட கடைசிப் பதிப்பான 22எச்2தானா எண்டு பாருங்க, அது இல்லாட்டிக் கீழ சொல்லுற வழி திறக்காது. செட்டிங்சில விண்டோஸ் அப்டேட் பக்கத்தில "என்ரோல் நவ்" எண்டு வரும். மைக்ரோசொஃப்ட் கணக்கில நுழைஞ்சு, செட்டிங்ஸ் பெக்கப்புக்கு சம்மதம் குடுத்தா காசில்லாம 2026 ஒக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட் வரும். பெக்கப் பிடிக்காட்டி 30 டொலர் கட்டலாம், இல்லாட்டி 1000 ரிவோர்ட்ஸ் புள்ளி குடுக்கலாம். படம், ஃபைல் எல்லாத்தையும் வன்டிரைவ் எண்ட மைக்ரோசொஃப்ட் ஒன்லைன் இடத்துக்கு ஏத்தணும் எண்டு இல்ல. டேட்டா அளவா இருக்கிற உங்களுக்கு அந்த டிக்கை எடுத்து விடுறதுதான் நல்லது.

தவணை முடிஞ்ச பிறகு ரூஃபசோ லினக்ஸ் மின்ட்டோ பாருங்க. மின்ட் 22க்கு 2029 ஏப்ரல் வரை அப்டேட் இரிக்கு, சூம் அதிலயும் ஓடும்.

கல்முனை_ஹார்ட்வெயார்

பில் மெஷினைப் பத்தி ஒருத்தரும் விரிவாச் சொல்லல்ல. விண்டோஸ் 11இல 32-பிட் பதிப்பே இல்ல. 32-பிட் 10க்கு மேல 64-பிட்டை மேலேற்றமா ஏத்தவும் ஏலா, அழிச்சுத்தான் போடணும். 64-பிட் விண்டோசில 16-பிட் டொஸ் புரோகிராம் நேரா ஓடாது. வி-டொஸ் மாதிரி, டொஸ் போல நடிக்கிற புரோகிராம் ஒண்டுக்குள்ள வச்சு ஓட்டலாம், பிரிண்டும் எடுக்கும். அதை இன்னொரு மெஷினில போட்டு, ஒரு மாதப் பில்லை அடிச்சுப் பார்த்து, கூட்டுத்தொகை சரி எண்டாத்தான் மாறணும்.

அதுவரைக்கும் அந்த மெஷினில இருந்து இன்டர்நெட்டைக் கழட்டுங்க. வயர், வைஃபை டொங்கிள் ரெண்டும். பில் அடிக்க நெட் தேவையில்லயே. அதை விட முக்கியம், ஆக்கள் பிரிண்டுக்குக் கொண்டு வர்ற பென் டிரைவை அதில குத்தவே கூடாது. கடைக்கு வைரஸ் வர்ற பெரிய வாசல் அதுதான். வட்ஸ்அப்பில வர்ற ஃபைல், பென் டிரைவ் எல்லாம் அப்டேட் உள்ள டைப்பிங் மெஷினுக்கு. பிரிண்டரையும் அங்க மாத்தச் சொன்னது அதால்தான். டி.பி.எஃப். ஃபைல்களை (ஃபொக்ஸ்புரோ பில் கணக்கு சேமிக்கிறது) ஒவ்வொரு நாளும் கடை பூட்ட முதல் அதுக்கெண்டு வச்ச ஒரு பென் டிரைவில கொப்பி எடுங்க. அந்த 500 ஜி.பி. டிஸ்க்கும் வயசானதுதானே.

புது மெஷின் வாங்கிற யோசனை வந்தா, ரீகண்டிஷன் டெல் ஒப்டிபிளெக்சில 3050 வேணாம், 3060 எடுங்க. எச்.பி. எலைட்டெஸ்க் 800இல ஜி3 வேணாம், ஜி4. ஒரு இலக்கம்தான் வித்தியாசம், முதலாவது ஆறாம் ஏழாம் தலைமுறை, மற்றது எட்டு. "ஐ5, விண்டோஸ் 11 போட்டிரிக்கி" எண்டு சொன்னாலும் புரோசசர் இலக்கத்தைக் கேட்டுப் பாருங்க, ரூஃபசில ஏத்தினதாவும் இருக்கலாம்.

சம்மாந்துறை_வயல்

நெல் ஆலையில தராசு பூட்டின மெஷின் வச்சிரிக்கிறவங்களுக்கும் ஒரு சொல். தராசை இணைக்கிற யூ.எஸ்.பி. சீரியல் வயர் பழைய புரொலிஃபிக் சிப்பா இருந்தா, புது டிரைவர் அதை ஏத்துக்காது. டிவைஸ் மேனேஜரில மஞ்சள் குறியோட "2012இல நிறுத்தப்பட்ட சிப், வித்தவரைக் கேளுங்க" எண்டு காட்டும். எஃப்.ரி.டி.ஐ. சிப் உள்ள வயர் ஒண்டு வாங்கிப் போடுங்க. புது வயருக்கு கொம் போர்ட் இலக்கம் மாறி வரும், தராசு புரோகிராம் கொம் 1 கேட்டா டிவைஸ் மேனேஜரில "அட்வான்ஸ்ட்" பட்டனுக்குள்ள போய் மாத்தணும். அறுவடை தொடங்க முதல் செஞ்சு பாருங்க, லொறி வாசல்ல நிக்கும்போது இல்ல.

களுவன்_கொமினிகேஷன்

டி, ஈ அழிச்சு, கார்டைக் கழட்டி, வலிடேட் சரி வந்துட்டுது. பில் மெஷின்ட நெட் வயரையும் கழட்டியாச்சு. கொன்வேர்ட் பண்ண யூ.பி.எஸ். பெட்டரி மாத்தினாப் பிறகுதான். லெப்டொப்பில "என்ரோல் நவ்" காட்டல்ல, 21எச்2 எண்டு இரிக்கு.

வாவிக்கரை (மட்டக்களப்பு)

அதுதான் காரணம் அண்ணே. அப்டேட் பக்கத்தில 22எச்2வை முதல்ல ஏத்துங்க. பிறகு வர்ற மாதாந்த அப்டேட்டையும் போட்டு ரீஸ்டார்ட் பண்ணினாத்தான் பட்டன் வரும். கணக்கு அட்மினிஸ்ட்ரேட்டராவும் இருக்கணும், மகளுக்குத் தனி யூசர் போட்டிருந்தா அதில தேடாதீங்க.