பாம்பின் தலை எந்தக் கட்டத்தில் இருக்கிறது?

அக்கா பிள்ளைகளுக்காகச் சமீபத்தில் புதிதாக ஒரு பாம்பு ஏணி அட்டை வாங்கினேன். பளபளவென்று வண்ணம், தொப்பி போட்டுச் சிரிக்கிற பாம்புகள், பின்பக்கம் லூடோ. ஆட உட்கார்ந்த கொஞ்ச நேரத்திலேயே சண்டை வந்துவிட்டது. சின்னவன் காய் 46இல் நிற்கிறது, பாம்பின் தலையோ 46க்கும் 47க்கும் நடுவிலுள்ள கோட்டின் மேல் படுத்திருக்கிறது, போதாததற்கு அதன் தொப்பி 47 என்ற எண்ணைப் பாதி மறைத்திருக்கிறது. "கடிச்சிருச்சு, இறங்கு" என்கிறாள் பெரியவள். "நான் நாப்பத்தாறு, பாம்பு நாப்பத்தேழுலதான் இருக்கு" என்று அழுகிறான் இவன். இரண்டு பேர் சொல்வதும் சரிதான், வரைந்தவர்மேல்தான் எனக்குக் கோபம் வந்தது.

அம்மாவிடம் பழைய பரமபதப் படம் ஒன்று இருக்கிறது. வைகுண்ட ஏகாதசி இரவில் கண்விழிக்க நாங்கள் ஆடியது அதில்தான், தாயக்கட்டை உருட்டி. மடிப்புகளெல்லாம் கிழிந்து துணி ஒட்டியிருக்கிறது, ஆனாலும் எந்தப் பாம்பு எந்தக் கட்டத்தில் கடிக்கிறது என்பதில் இன்றுவரை சந்தேகம் வந்ததில்லை. தலை கட்டத்துக்குள் முழுதாக இருக்கும், பக்கத்தில் ஓர் அசுரன் பெயர் இருக்கும். ஏன் இறங்கினோம் என்று கேட்டால் பாட்டி அந்த அசுரன் கதையைச் சொல்லுவார். பிள்ளைகளுக்கு விழுந்த வருத்தம் அதிலேயே பாதி போய்விடும்.

இந்த ஆட்டம் மாறியதே தப்பு என்று நான் சொல்லவில்லை. நம் பழைய பலகைகளில் ஏணியைவிடப் பாம்புகள்தான் அதிகம். 1890களில் இங்கிலாந்துக்குப் போனபோது இரண்டையும் சமமாக்கினார்கள், சிக்கனம், உழைப்பு என்று தங்கள் ஊர் நற்குணங்களை ஏணிகளுக்குக் காரணமாக எழுதிக்கொண்டார்கள். அமெரிக்காவில் மில்டன் பிராட்லி என்ற விளையாட்டுப் பொருள் நிறுவனம் 1943இல் பாம்பையே எடுத்துவிட்டுச் சறுக்குமரம் வைத்தது. நண்பர் வீட்டில் அதைப் பார்த்தபோது முதலில் என்னடா இது, பாம்பு இல்லாமல் என்று சப்பென்று இருந்தது. அப்புறம் கவனித்தால், 87இல் ஒரு பிள்ளை பிஸ்கட் ஜாடியில் கை வைக்கிறது, அங்கிருந்து சறுக்கினால் நேராக 24க்குப் போகிறோம், அந்த ஆட்டத்தில் ஆக நீளமான சறுக்கல் அதுதான். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாத குழந்தைக்கும் படத்தைப் பார்த்தாலே ஏன் விழுந்தோம் என்று புரிந்துவிடும். பாம்பு போனாலும் காரணம் போகவில்லை, அதனால் எனக்கு அந்த அட்டையை மிகவும் பிடித்துவிட்டது.

நான் வாங்கிய அட்டையில் காரணமும் இல்லை, கட்டமும் தெளிவில்லை. கடைசியில் மார்க்கர் பேனாவால் ஒவ்வொரு பாம்பின் தலையிலும் வாலிலும், ஏணிகளின் இரண்டு முனையிலும், எது எந்தக் கட்டம் என்று மூவரும் பேசி முடிவுசெய்து புள்ளி வைத்தோம். வரிசை முடிந்து மேலே திரும்பும் இடத்தில் சின்னவன் வழக்கமாகத் தடுமாறுவான், அங்கே அம்புக்குறியும் போட்டோம். இதையெல்லாம் அச்சடிக்கும்போதே செய்ய என்ன கஷ்டம்? எண்ணை மூலையில் மறையாமல் வையுங்கள், தலையைக் கட்டத்துக்குள் வரையுங்கள், அப்புறம் பாம்புக்குத் தொப்பியோ கண்ணாடியோ எது வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளுங்கள்.