டாக்கர்-கம்போஸ் போய் டாக்கர் கம்போஸ் வந்தாச்சு: லேப் கையேட்டில் பழைய கட்டளையைத் தூக்கிவிடலாமா?

வடசேரி வாத்தியார்
நாகர்கோவில் பக்கத்துக் கல்லூரி ஆட்கள் சிலர் சேர்ந்து எழுதிய டாக்கர் லேப் கையேடு உங்களில் பலரிடம் இருக்கும். (டாக்கர் என்பது மென்பொருளைக் கன்டெய்னர் என்ற தனிப் பெட்டிக்குள் ஓட்டும் கருவி, பல கன்டெய்னர்களை ஒரே கட்டளையில் கிளப்புவது கம்போஸ்.) அதில் எல்லா இடத்திலும் 'டாக்கர்-கம்போஸ் அப்' என்று நடுவில் கோடு போட்ட கட்டளைதான். அது கம்போஸ் மென்பொருளின் முதல் பதிப்பு, அதன் கடைசி வெளியீடு 1.29.2, 2021-ல் வந்தது. 2023 ஜூலையிலிருந்து அதற்கு எந்தத் திருத்தமும் வருவதில்லை. இப்போது இருக்கும் இரண்டாம் பதிப்பில் கோடு கிடையாது, இடம் விட்டு 'டாக்கர் கம்போஸ் அப்' என்று அடிக்க வேண்டும். இந்த விடுமுறையில் பழையதை மொத்தமாக அழித்துவிட்டுப் புதியதை மட்டும் போடலாம் என்று நினைக்கிறேன். இரண்டையும் வைத்தால் பிள்ளைகள் எதை அடிப்பது என்று முழிப்பார்கள். யாருக்காவது ஆட்சேபணை உண்டா?

தக்கலைக்காரன்
உண்டு சார். உங்கள் லேபில் புது மெஷின். எங்களிடம் இன்னும் உபுண்டு 22.04 என்ற பழைய லினக்ஸ் ஓடுகிறது. அதில் ஒருவன் மென்பொருள் நிறுவும் ஆப்ட் கருவியில் 'ஆப்ட் இன்ஸ்டால் டாக்கர்-கம்போஸ்' என்று கொடுத்தால் வந்து இறங்குவது அதே 1.29.2 ஆக்கும். அப்புறம் உங்கள் புதுக் கையேட்டைப் பார்த்துக் கோடு இல்லாமல் அடிப்பான். கம்போஸ் என்பது டாக்கர் கட்டளையே இல்லை என்று முகத்தில் அடித்த மாதிரி பதில் வரும். முதலாமாண்டுப் பையன் அப்போது கையேட்டைச் சந்தேகப்பட மாட்டான், தனக்குத்தான் ஒன்றும் தெரியவில்லை என்று எழுந்து போய்விடுவான். ஒவ்வொரு பயிற்சியிலும் 'அல்லது' என்று பழையதையும் ஒரு வரி போடுங்கள்.

வடசேரி வாத்தியார்
அதற்கு மாற்ற வேண்டியது நிறுவும் பக்கத்தை. 22.04-லேயே 'டாக்கர்-கம்போஸ்-வி2' என்று தனிப் பேக்கேஜ் இருக்கிறது. டாக்கரின் சொந்த ரெப்போவை (பேக்கேஜ் கிடங்கை) ஆப்டில் சேர்த்தவர்களுக்கு 'டாக்கர்-கம்போஸ்-பிளகின்'. முதல் நாளே இதை நிறுவ வைத்துவிட்டால் 'அல்லது' எதற்கு?

ஆரல்வாய்மொழி காற்று
பழைய பெயரை அடித்தால் புதுக் கட்டளை ஓடும்படி ஒரு ஏலியாஸ் (மாற்றுப்பெயர்) போட்டால் வேலை முடிந்தது மக்கா. இதற்குப் போய் ஒரு இழையா?

மணவாளக்குறிச்சி மணல்
ஏலியாஸ் நீங்கள் உட்கார்ந்து அடிக்கிற டெர்மினலில் ஓடும். கட்டளைகளை வரிசையாக எழுதி வைத்த பாஷ் ஸ்கிரிப்டுக்குள் அது தானாக வேலை செய்யாது. ராத்திரி கிரானில் (குறித்த நேரத்தில் தானாக ஓட்டும் வசதி) ஓடுகிற பேக்கப் ஸ்கிரிப்ட் சத்தமில்லாமல் நின்றிருக்கும்.

வாத்தியார் சாரிடம் ஒன்று சொல்ல வேண்டும். எடிட்டரில் 'எல்லாவற்றையும் மாற்று' மட்டும் கொடுத்துவிடாதீர்கள். கட்டளையில்தான் கோடு போனது, கோப்பின் பெயரில் போகவில்லை. 'டாக்கர்-கம்போஸ்.ஒய்எம்எல்' என்பது 'டாக்கர் கம்போஸ்.ஒய்எம்எல்' ஆனால் அந்தக் கோப்பை எதுவும் எடுக்காது. (புதிதாக எழுதுகிறவர்களுக்கு 'கம்போஸ்.யாம்ல்' என்ற பெயரைப் பரிந்துரைக்கிறார்கள், பழைய பெயரும் செல்லும்.) பேக்கேஜ் பெயரும் 'டாக்கர் கம்போஸ்-பிளகின்' என்று இரண்டாக உடையும். ஆப்ட் அதை இரண்டு பேக்கேஜ் என்று எடுத்துக்கொள்ளும்.

தேடினாலும் சிக்காத இடம் வேறு இருக்கிறது. நாலாவது பயிற்சியில் டேட்டாபேஸ் கன்டெய்னருக்குள் நுழைய 'டாக்கர் எக்ஸெக்' கொடுத்து 'கடை_டிபி_1' என்று அடிக்கச் சொல்லியிருக்கிறோம். கம்போஸ் இரண்டாம் பதிப்பில் அந்தப் பெயர் 'கடை-டிபி-1'. அடிக்கோடு இருந்த இடத்தில் நடுக்கோடு வந்துவிட்டது. அந்த வரியில் கம்போஸ் என்ற சொல்லே இல்லை, எப்படித் தேடிப் பிடிப்பீர்கள்? வரிவரியாக ஓட்டிப் பார்த்தால்தான் தெரியும். கட்டளையோடு 'கம்பேட்டிபிலிட்டி' என்று ஒரு கொடி (ஃபிளாக்) கொடுத்தால் பழைய அடிக்கோடு திரும்ப வரும், ஆனால் பிள்ளைகளுக்கு அதைப் பழக்க வேண்டாம்.

இன்னொன்று, கோப்பின் தலையில் 'வெர்ஷன்: 3' என்று போட்டிருக்கிறோமே, இப்போது அது தேவையற்றது என்று எச்சரிக்கை வரும். நம் ஸ்கிரீன்ஷாட்டில் அது இருக்காது, பையன் பயப்படுவான்.

குழித்துறை மாணவி
சார், எங்கள் வகுப்பில் பிடிஎஃப் யாரிடமும் இல்லை. சீனியர் அக்கா தந்த ஜெராக்ஸ்தான் சுற்றுகிறது, அதில் தேதியும் இல்லை, எந்தப் பதிப்புக்கு என்றும் இல்லை. நெட்டில் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லாதீர்கள். நம்ம மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு, மழை பிடித்தால் எங்கள் ஊரில் முதலில் போவது நெட்தான். ஒவ்வொரு தாளின் அடியிலும் பதிப்பு எண்ணையும் மாதத்தையும் போட்டுத் தாருங்கள்.

தக்கலைக்காரன்
கேட்டீர்களா சார். நீங்கள் அழித்தாலும் ஜெராக்ஸ் அழியாது. பழைய தாளை வைத்திருக்கிற பிள்ளை உங்கள் புதுப் பிடிஎஃப்பில் தேடப்போவது கோடு போட்ட கட்டளையைத்தான். அது ஒரு இடத்திலும் இல்லை என்றால் இந்தக் கையேடு வேறு ஏதோ என்று மூடிவிடும்.

வடசேரி வாத்தியார்
இது நியாயம். சரி, கடைசியில் ஒரு பக்கம், இடப்பக்கம் பழையது, வலப்பக்கம் புதியது. பயிற்சிகளுக்குள் மட்டும் பழையது வரக்கூடாது. கட்டளைக்குக் கட்டளை 'அல்லது' போட்டால் பிள்ளைகள் பழகுவது 'அல்லது' மட்டும்தான்.

ஆரல்வாய்மொழி காற்று
இந்தக் கணக்கில் கிட் (நிரல் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கருவி) பாடத்தையும் கிழிப்பீர்களோ? 2019-ல் 2.23-ம் பதிப்பில் 'செக்கவுட்' செய்கிற வேலைக்கே 'ஸ்விட்ச்', 'ரெஸ்டோர்' என்ற புதுக் கட்டளைகள் வந்தன. 'செக்கவுட்' இன்றைக்கும் குறையில்லாமல் ஓடுகிறது.

மணவாளக்குறிச்சி மணல்
ஓடுகிறதே, அதனால் அவசரமில்லை. செக்கவுட்டைப் பார்த்துப் படித்த பிள்ளைக்கு எந்த மெஷினிலும் பிழைச்செய்தி வராது. கம்போஸ் அப்படியில்லை, புது மெஷினில் கோடு போட்டு அடித்தால் கட்டளையே கிடைக்கவில்லை என்று வருகிறது. ஓடாததை முதலில் திருத்துவோம், கிட்டை அடுத்த வருடம் பார்ப்போம்.

நாலாவது, ஆறாவது பயிற்சிகளை நான் எடுத்துக்கொள்கிறேன். ஒவ்வொரு வரியையும் பிடிஎஃப்பிலிருந்து நகலெடுத்து ஒட்டித்தான் ஓட்டுவேன், கையால் அடிக்க மாட்டேன். வேர்டு இரண்டு கோட்டை ஒரு நீளக் கோடாக்கி வைத்திருந்தால் அப்போதுதான் மாட்டும். சுத்தமான 22.04 மெஷின் ஒன்று வேண்டும். தக்கலை அண்ணே, கிடைக்குமா?

தக்கலைக்காரன்
தருகிறேன் தம்பி, சனிக்கிழமை வந்து எடுத்துக்கொள். ஆனால் சார், நிறுவும் பக்கத்திலாவது அந்த 'அல்லது' இருக்கணும். அதை எடுக்க விடமாட்டேன்.