வரையாட்டுக் கணக்கெடுப்புக்கு மூன்று நாள் காட்டில் தங்க எந்தப் பொருள்களை நம்பி வாங்கலாம்?

கேள்வி: திண்டுக்கல் வாத்தியார்

அனைவருக்கும் வணக்கம். பழனி மலையின் மேல்மலைப் பகுதியில் வரையாட்டுக் கணக்கெடுப்புக்குத் தன்னார்வலராகப் பெயர் கொடுத்திருக்கிறேன். இடம் கிடைத்தால் ஏப்ரல் இறுதியில் மூன்று பகலும் இரண்டு இரவும் காட்டில் இருக்க வேண்டும். எந்தப் பொருளை வாங்குவது என்று இணையத்தில் தேடினால், அமெரிக்க மலைகளில் நாள்கணக்கில் தங்கி எல்க் மானை வேட்டையாடுகிறவர்கள் எழுதிய மதிப்புரைகளே முதலில் வருகின்றன. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி இங்கே வேட்டை குற்றம் என்றாலும், விலங்கைத் தேடி மேட்டில் ஏறி, அசையாமல் உட்கார்ந்து, தொலைவிலிருந்து பார்க்கும் வேலை இருவருக்கும் ஒன்றுதானே என்று அவற்றைப் படித்தேன். இறகு அடைத்த தூக்கப்பையும், மூச்சுவிடும் துணியில் தைத்த மழைச்சட்டையும், பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் பைனாகுலரும் வேண்டும் என்கிறார்கள். என்னிடம் இருப்பது பன்னிரண்டாயிரம் ரூபாய். ஆறு ஆண்டுகளுக்கு முன் இமயமலைக்கு ஒரே ஒரு முறை போட்டுச் சென்ற தோல் காலணி பரண்மேல் புதிதாகவே கிடக்கிறது. எதற்கு முதலில் செலவழிக்கலாம்?

பதில்: அவலாஞ்சிக்காரன்

ஐயா, நீலகிரியில் முக்குருத்திப் பக்கம் வேட்டைத் தடுப்புக் காவலராகப் பல ஆண்டுகள் நடந்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். அந்த மதிப்புரைகளில் பொய் இல்லை. அவர்கள் நடக்கும் மலைகளில் காற்று பெரும்பாலும் உலர்ந்தது, நம்முடையது ஈரம் ஊறியது, அவ்வளவுதான் வேறுபாடு. 2019 ஆகஸ்ட் 8 அன்று எங்கள் அவலாஞ்சியில் ஒரே நாளில் 820 மில்லிமீட்டர் மழை பெய்தது. ஏப்ரலில் அப்படிப் பெய்யாது என்றாலும், காலையில் வெயில், உச்சிக்குமேல் மூட்டம், மாலையில் இடியோடு கோடைமழை, இரவில் பனி என்று ஒரே நாளில் எல்லாம் வரும். ஆகவே எந்தப் பொருளைக் கையில் எடுத்தாலும், இது நனைந்தபின் என்ன ஆகும், மறுநாள் காலைக்குள் காயுமா என்ற ஒரு கேள்வியைக் கேட்டுப் பாருங்கள்.

இறகுப் பை நனைந்தால் உள்ளிருக்கும் இறகு உருண்டையாகத் திரண்டு சூட்டை விட்டுவிடும். இங்கே அதைக் காயவைக்க ஒரு வாரம் ஆகும். செயற்கைப் பஞ்சு அடைத்த பை கனமானாலும் ஈரத்தைத் தாங்கும். மூச்சுவிடும் மழைச்சட்டை, உள்ளே இருக்கும் வேர்வை ஆவி வெளியே போனால்தான் பயன்படும். வெளிக்காற்றே ஈரத்தால் நிறைந்திருக்கும்போது அது எங்கே போகும்? நான்காயிரம் கொடுத்து வாங்கிய சட்டைக்குள் வேர்வையில் நனைந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். முதுகுப்பையையும் சேர்த்து மூடும், தலைவழியே போட்டுக்கொள்ளும் தொளதொளப்பான மழை அங்கியான போஞ்சோ போதும். காற்றுப் பலமாக அடிக்கும் முகட்டில் அது பாய்மரம்போல் விரியும் என்பதால் இடுப்பில் ஒரு கயிறு கட்டிக்கொள்ளுங்கள். உடலை ஒட்டிப் பருத்தி பனியன் வேண்டாம். ஒரு கம்பளிச் சட்டை நனைந்தாலும் சூட்டைக் காக்கும். அதோடு, ஒரு ஜோடி காலுறையையும் ஒரு மாற்றுச் சட்டையையும் தடித்த பிளாஸ்டிக் உறையில் கட்டிவைத்து, எவ்வளவு நனைந்தாலும் பகலில் அதைத் தொடுவதில்லை என்று உறுதி எடுத்துக்கொள்ள வேண்டும். அது இரவுக்கு மட்டும்.

சோலைக்காட்டுக்குள் இறங்கினால் இரத்தம் உறிஞ்சும் அட்டை. சாதாரணக் காலுறையின் பின்னலுக்குள் அது நுழைந்துவிடும். நெருக்கமாக நெய்த துணியில் முழங்கால்வரை தைத்த அட்டைக் காலுறைதான் தடுக்கும். உப்பும் புகையிலைத் தண்ணீரும் நல்லவைதான், முதல் மழை வரும்வரை. காலுக்கு நாங்கள் கம்பூட், அதாவது முழங்கால்வரை வரும் ரப்பர் பூட்ஸ், போடுகிறோம்.

பதில்: கூக்கால் வாசி

அண்ணன் சொன்ன மற்றவற்றை எல்லாம் ஒப்புக்கொள்கிறேன், கம்பூட்டைத் தவிர. சதுப்பு நிலத்துக்கு அது சரி. வரையாடு நிற்பதோ பாறை விளிம்பில். அதைத் தேடிப் புல்சரிவில் இறங்கும்போது கம்பூட்டுக்குள் குதிகால் தூக்கும், கணுக்காலுக்குப் பிடிப்பு இராது, ஈரப்புல்லில் வழுக்கும். கணுக்காலை மூடும் கேன்வாஸ் பூட்ஸ் போதும். தண்ணீர் உள்ளே புகத்தான் செய்யும், ஆனால் வெளியேறியும் விடும்.

வாத்தியார் ஐயா, அந்தப் பரண்மேல் காலணிதான் எனக்குக் கவலை தருகிறது. பாலியூரித்தேன் என்ற செயற்கை நுரையால் ஆன அடிப்பாகம் கொண்டது என்றால், போட்டாலும் போடாவிட்டாலும் காற்றின் ஈரத்தை உறிஞ்சி ஆண்டுக்கணக்கில் உள்ளுக்குள் சிதைந்துகொண்டிருக்கும். பார்வைக்குப் புதிதாக இருக்கும். சுமையோடு நடந்தால்தான் தெரியும். கிளம்புமுன் ஒரு முழுநாள் நடந்து பாருங்கள்.

பைனாகுலரில் பத்து மடங்கு தேவையில்லை. கை நடுக்கத்தையும் அது பத்து மடங்காக்கும், மூச்சு வாங்கும்போது குட்டிகளை எண்ண முடியாது. 8×42 வாங்குங்கள், அதாவது எட்டு மடங்கு பெரிதாக்குவது, முன்கண்ணாடி 42 மில்லிமீட்டர் அகலம். 42ஐ எட்டால் வகுத்தால் கண்ணுக்கு வரும் ஒளிவட்டம் ஐந்து மில்லிமீட்டருக்குச் சற்று மேல். மூட்டத்திலும் விடியலிலும் அந்த வெளிச்சம்தான் உதவும். உள்ளே நைட்ரஜன் நிரப்பி அடைத்ததா என்று கேளுங்கள், இல்லாவிட்டால் மலைக்காற்றில் கண்ணாடிக்குள் ஆவி படியும், பிறகு பூஞ்சை பிடிக்கும். உங்கள் பணத்தில் பாதி இதற்குப் போகலாம், தவறில்லை.

வேட்டைக்காரர்களிடம் கற்கவேண்டிய ஒன்றும் உண்டு. அங்கே பலர் பளிச்சென்ற ஆரஞ்சு மேலாடை போடுவது, மற்றொரு வேட்டைக்காரர் தவறுதலாகச் சுடாமல் இருக்க. மான் அதைக் கண்டு ஓடுவதில்லை, ஏனெனில் அதற்குச் சிவப்பும் ஆரஞ்சும் மங்கலாகவே தெரியும். நீலம்தான் நன்றாகத் தெரியும். ஆகவே கடையில் மலிவாகக் கிடைக்கும் அந்த நீலப் போஞ்சோவை வாங்காதீர்கள்.

பதில்: அவலாஞ்சிக்காரன்

கேன்வாஸ் பூட்ஸை ஏற்றுக்கொள்கிறேன், தம்பி. ஒன்றை விட்டுவிட்டேன்: இரவில் குளிர்காய நெருப்பு மூட்டலாம் என்று யாரும் கணக்குப் போட வேண்டாம். 2018 மார்ச்சில் குரங்கணியில் புல்லில் பரவிய தீ எத்தனை உயிர்களைக் கொண்டுபோனது என்பது நம் எல்லோருக்கும் தெரியும். சூட்டுக்கு உடையையும் போர்வையையும்தான் நம்ப வேண்டும். கைபேசியை விமானப் பயன்முறையில் வையுங்கள், இல்லாவிட்டால் சிக்னலைத் தேடித் தேடியே மின்கலம் மாலைக்குள் தீர்ந்துவிடும்.

கேள்வி கேட்டவர்: திண்டுக்கல் வாத்தியார்

இருவருக்கும் நன்றி. ஞாயிற்றுக்கிழமை எட்டுக் கிலோ சுமையோடு அந்தத் தோல் காலணியைப் போட்டுக்கொண்டு சிறுமலைக்கு நடந்தேன். பதினெட்டுக் கொண்டை ஊசி வளைவுகளில் ஏழாவதில் இடதுகால் அடிப்பாகம் அப்படியே கழன்று, அழுகிய ரொட்டிபோல் உதிர்ந்தது. கயிற்றால் கட்டிக்கொண்டு பேருந்துக்காகக் காத்திருந்தேன். கீழே செருப்புத் தைப்பவரிடம் காட்டியபோது, "ஊசி ஏற இதில் இடமே இல்லையே சார்" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். கேன்வாஸ் பூட்ஸும் பச்சைப் போஞ்சோவும் வாங்கியாயிற்று. அட்டைக் காலுறையை என் அம்மா பழைய வேட்டியில் இரட்டையாகத் தைத்துத் தருகிறார். அடுத்த ஞாயிறு, மழை வந்தாலும் வராவிட்டாலும், பூட்ஸைத் தண்ணீரில் முக்கி எடுத்து அதே சாலையில் மீண்டும் நடக்கப்போகிறேன்.